வண்டலூர் காரும் அதன் பின்சக்கரங்களும்

கேளம்பாக்கம் என்று சொன்னதும் "ஓ, புது பஸ் ஸ்டாண்டு வந்திருக்கே, அங்கயா?" என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். அது கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் கடைசியில் பேருந்து நிலையம் திறந்தது அங்கே, ஜி.எஸ்.டி. ரோட்டில், வண்டலூர் பக்கம். இது கேளம்பாக்கம், பழைய மாமல்லபுரம் சாலையில், உப்பளம் இருக்கும் ஊர். இரண்டையும் இணைப்பது வண்டலூர் - கேளம்பாக்கம் சாலை. கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் என்று ஏறக்குறைய 18 கிலோமீட்டர்.

அந்தச் சாலையில் மேற்கே போய் வண்டலூரில் ஜி.எஸ்.டி. ரோட்டைத் தொட்டு, வலது பக்கம் தாம்பரத்தை நோக்கித் திரும்பினால் பெருங்களத்தூர். இன்று அங்கே கண்ணாடிக் கட்டடங்களாக ஒரு ஐ.டி. பூங்கா நிற்கிறது. காலையில் ஐடி கார்டு தொங்க உள்ளே போகும் என் வயசுப் பசங்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்த இடத்தில் ஒரு காலத்தில் கார் செய்தார்கள் என்று? ஹூண்டாய், ஃபோர்டு எல்லாம் சென்னைக்கு வருவதற்கு 45 வருடங்களுக்கு முன்பே சென்னையில் கார் தொழிற்சாலை இருந்தது. பெயர் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. வெளியூர்க்காரர்களுக்கு "வண்டலூர் ஃபேக்டரி". ஏரியாக்காரர்களுக்கு வெறும் "ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ்".

இந்தக் கம்பெனியின் முழு வரலாற்றையும் எழுத இந்தப் பதிவு போதாது. நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு விஷயம்: அவர்கள் செய்த கார்களின் பின்சக்கரங்கள். இன்னும் சரியாகச் சொன்னால், பின்பக்க சஸ்பென்ஷன். "இதுல என்னப்பா வரலாறு இருக்கு?" என்று கேட்காதீர்கள். வெளிநாட்டில் வடிவமைத்த ஒரு பொருள் நம்ம ஊர் ரோட்டில் இறங்கும்போது என்ன ஆகிறது, அதை யார் எப்படிச் சரி செய்கிறார்கள், சரி செய்ததை முன்னேற்றம் என்று சொல்வதா பின்னடைவு என்று சொல்வதா... எல்லாமே இந்தப் பின்சக்கரத்தில் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் பின்னணி.

1948-ல் சென்னையில் யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்) என்ற நிறுவனமும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து ஆரம்பித்தது இது. முதலில் வேன்கார்ட் என்ற பெரிய காரை இங்கே பூட்டினார்கள். பிறகு ஸ்டாண்டர்ட் 8, ஸ்டாண்டர்ட் 10 என்று சின்னக் கார்கள். அதே 1948-ல்தான் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸும் தொடங்கியது; பின்னாளில் அசோக் லேலண்ட் ஆனது. ஒரே வருடத்தில் சென்னைக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. வடக்கே இருந்தது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. தெற்கே இருந்தது இல்லை.

ஒரு வேடிக்கை. ஸ்டாண்டர்ட் என்ற பெயர் இங்கிலாந்திலேயே 1963-ல் கார்களில் இருந்து காணாமல் போய்விட்டது. அந்தக் காலத்து ஆங்கிலேயருக்கு "ஸ்டாண்டர்ட்" என்றால் வசதி குறைந்த சாதா மாடல் என்ற அர்த்தம் வந்துவிட்டதாம். அதனால் ட்ரையம்ஃப் என்ற பெயரிலேயே விற்றார்கள். நம்ம ஊரிலோ "ஸ்டாண்டர்டான பொருள்" என்றால் தரமான பொருள்! அதனால் பெயர் இங்கே அப்படியே நின்றது. தாய் வீட்டில் செத்துப்போன பெயர் வண்டலூரில் இன்னும் 25 வருடம் உயிரோடு இருந்தது.

சரி, கதாநாயகனுக்கு வருவோம்.

1959 ஏப்ரலில் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று ஒரு கார் வந்தது. இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலாட்டி வரைந்த உடல். முன்பக்க பானெட், மட்கார்டோடு சேர்த்து ஒரே துண்டாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். அதாவது இப்போதைய அபார்ட்மென்ட் பார்க்கிங்கில்கூட ரிவர்ஸ் போடாமல் திருப்பலாம் :-)

இந்தக் காரின் அமைப்பே ஒரு விபத்தால் வந்தது. 1950களில் எல்லோரும் சேஸிஸ் இல்லாத, உடலே எலும்பாக இருக்கும் கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ஸ்டாண்டர்டுக்கு உடல் தகடுகள் செய்துகொடுத்தது ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கம்பெனி. 1953-ல் அதைப் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அடுத்த காருக்கு முழு உடல் செய்து தர ஆள் இல்லை. என்ன செய்வது? பழைய பாணியில் தனியாக ஒரு சேஸிஸ் போட்டு, உடலைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்து வாங்கி, போல்ட் போட்டுப் பூட்டிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் தலைமையில் வேலை நடந்தது.

துண்டு துண்டாகப் பூட்டும் கார் என்றால் பெட்டியில் அடைத்து இன்னொரு நாட்டுக்கு அனுப்பிப் பூட்டவும் சுலபம். உடலைத் தனித்தனித் துண்டாக உள்ளூரில் செய்ய ஆரம்பிக்கவும் சுலபம். 1961-ல் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வெளிவர ஆரம்பித்தது. இங்கிலாந்தில் ஒரு சப்ளையர் கை மாறியது, பத்து வருடத்துக்குள் நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துக் காரின் உருவத்தை முடிவு செய்துவிட்டது. உலகமயமாக்கல் 1991-ல்தான் வந்தது என்று யார் சொன்னது?

இப்போது பின்சக்கரம்.

அந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலானவற்றில் பின்பக்கம் லைவ் ஆக்ஸில். லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தால் தெரியுமே, நடுவில் பானை மாதிரி உருண்டையான டிஃபரன்ஷியல், இரண்டு பக்கமும் குழாய், முனையில் சக்கரம், எல்லாம் ஒரே கெட்டித் துண்டு. அந்தத் துண்டை வண்டியின் நீளவாக்கில் இரண்டு பக்கமும் இரண்டு கமான் பட்டைகள் தாங்கும். அம்பாசிடர் இப்படித்தான். ஃபியட் 1100 இப்படித்தான். பஸ், லாரி, ஜீப் எல்லாம் இப்படித்தான்.

ஹெரால்டில் இப்படி இல்லை. டிஃபரன்ஷியலைத் தூக்கி சேஸிஸோடு அசையாமல் பூட்டிவிட்டார்கள். அதிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு தண்டுகள் பறவையின் இறக்கை மாதிரி மேலும் கீழும் ஆடும். தண்டின் உள்முனையில் மட்டும் ஒரு யூனிவர்சல் ஜாயின்ட். வெளிமுனையில் சக்கரம் நேராக தண்டோடு. ஸ்பிரிங்? ஒரே ஒரு கமான் கட்டு. அதுவும் குறுக்காக, டிஃபரன்ஷியல் தலைமேல் உட்கார்ந்து, இரண்டு முனையும் இரண்டு சக்கரத்தைப் பிடித்திருக்கும். இதற்கு ஸ்விங் ஆக்ஸில் என்று பெயர். 1903-லேயே எட்மண்ட் ரும்ப்ளர் காப்புரிமை வாங்கிய யோசனை. டட்ரா, ஃபோக்ஸ்வாகன் பீட்டில், மெர்சிடஸ் என்று ஐரோப்பாவில் நிறையப் பேர் பயன்படுத்தியது.

இதில் நன்மை உண்டு. கனமான டிஃபரன்ஷியல் சக்கரத்தோடு சேர்ந்து குதிக்காது. அது சேஸிஸில் இருக்கிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அந்த அதிர்ச்சி மறுபக்கத்துச் சக்கரத்தைத் தொந்தரவு செய்யாது. சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் சொகுசாகப் போகும். 1961-ல் இந்தியாவில் செய்த ஒரு சின்னக் காரில் நான்கு சக்கரமும் தனித்தனி சஸ்பென்ஷன் என்பது பெருமையான விஷயம்தான்.

பிரச்சனை என்னவென்றால், சக்கரம் மேலே போகும்போது நேராகப் போகாது. தண்டு ஒரு முனையில் மட்டும் மடங்குவதால், சக்கரம் வட்டப் பாதையில் போகும், சாயும். சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். தண்டின் நீளம் சுமார் அரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்சீட்டில் ஆட்கள் ஏறி வண்டி 5 சென்டிமீட்டர் இறங்குகிறது. 5-ஐ 50-ஆல் வகுத்தால் 0.1 ரேடியன். ஏறக்குறைய 5.7 டிகிரி. இரண்டு பின்சக்கரமும் தலையை உள்பக்கம் சாய்த்து, காலை அகட்டிக்கொண்டு நிற்கும். லைவ் ஆக்ஸிலில் இதே 5 சென்டிமீட்டர் இறங்கினால் சாய்வு பூஜ்யம், ஏனென்றால் இரண்டு சக்கரமும் ஒன்றாகத்தான் நகர்கிறது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் 5 சென்டிமீட்டர் மேடு ஏறினாலும், இரண்டு சக்கரத்துக்கு நடுவே 122 சென்டிமீட்டர் இடைவெளிக்கு, சாய்வு 2.3 டிகிரிதான்.

இங்கிலாந்தில் அந்தக் காரில் போனது அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள். பெரும்பாலும் அப்பா மட்டும். நம்ம ஊரில்? தாத்தா, பாட்டி, அத்தை, மடியில் இரண்டு, டிக்கியில் திருப்பதி போக மூட்டை, மேலே கேரியரில் படுக்கை. ஹெரால்டு அடிப்படையில் தரையோடு ஒட்டின தாழ்வான கார் வேறு. உயரம் சுமார் 52 அங்குலம். அம்பாசிடரோ 63 அங்குலம். ஏற்கனவே தாழ்ந்த காரில் இவ்வளவு ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். பட்டை நாளடைவில் வளைவு இழந்தால், ஆள் ஏறாமலேயே அந்த அகட்டின கோலம் நிரந்தரம் ஆகிவிடும்.

1960களில் டயர் விலையும் கிடைப்பதும் எப்படி இருந்தது என்று உங்க வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்க. டயர் பாதி தேயாமல் ஒரு ஓரம் மட்டும் கம்பி தெரிவது அன்றைக்கு சாதாரண வயிற்றெரிச்சல் இல்லை.

சுமை அதிகமானால் இது. சுமை இல்லாமல் ஓட்டுநர் மட்டும் வேகமாக வளைவில் திருப்பினால் வேறு ஒரு ஆபத்து. சாலை வெளிச்சக்கரத்தை உள்பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளு தண்டு வழியாக வண்டியின் பின்பக்கத்தை மேலே தூக்கும். பின்பக்கம் எழும்பினால் சக்கரத்தின் அடி உள்ளே மடங்கும். மடங்கினால் டயர் ஓரத்தில் நிற்கும், பிடி போய்விடும். பின்பக்கம் சட்டென்று வெளியே சறுக்கும். நேராக நின்றுகொண்டிருப்பவன் ஒரு கால் மடங்கி விழுவது மாதிரி.

உலகம் முழுக்க இதே தலைவலி இருந்தது. அமெரிக்காவில் 1960 மாடலாக வந்த ஷெவர்லே கோர்வேர் காரில் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில், எஞ்சினும் பின்பக்கம். 1965-ல் ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர் கார் கம்பெனிகளைக் கிழித்து ஒரு புத்தகம் எழுதினார். அதன் முதல் அத்தியாயமே கோர்வேர்தான். அந்தப் புத்தகத்துக்குப் பிறகுதான் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புக்கு 1966-ல் தனிச் சட்டம் வந்தது. (நியாயமாக இன்னொன்றும் சொல்லணும். 1972-ல் அமெரிக்க அரசே செய்த ஆய்வில், அந்தக் காலத்து மற்றக் கார்களைவிட கோர்வேர் மோசம் இல்லை என்று முடிவு வந்தது. அதற்குள் அந்தக் காரே சந்தையில் இல்லை.) ஒரு யூனிவர்சல் ஜாயின்ட் குறைவாகப் போட்டது ஒரு நாட்டின் சட்டத்தை மாற்றியது என்று சொன்னால் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை.

இதைத் திருத்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி பிடித்தார்கள்.

ட்ரையம்ஃபே இரண்டு வழி முயன்றது. ஹெரால்டின் சொந்தக்காரர்களான வைட்டெஸ், ஜி.டி.6 கார்களுக்கு 1968-ல் கீழே ஒரு விஷ்போன், தண்டில் ரப்பர் இணைப்பு என்று வைத்து சக்கரம் சாயாமல் பிடித்தார்கள். நல்ல தீர்வு, ஆனால் செலவு அதிகம். 1970-ல் ஸ்பிட்ஃபயர் காரில் இன்னொரு தந்திரம். குறுக்குக் கமான் கட்டில் ஒரு பட்டையை மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுக்கிவிட்டு, மற்றப் பட்டைகளைக் குழந்தைகள் பார்க்கில் ஏறி இறங்கும் சீசா பலகை மாதிரி நடுவில் ஆட விட்டார்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து மேலே போனால் முழு பலம். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது மட்டும் பின்பக்கம் இளகிக் கொடுக்கும், பாரத்தை முன்பக்கம் ஏற்கும். பைசா செலவில் பெரிய வித்தியாசம். 1973-ல் ஜி.டி.6-க்கும் அந்த விலை அதிகமான அமைப்பை எடுத்துவிட்டு இதையே போட்டார்கள்.

வண்டலூர்க்காரர்கள் மூன்றாவது வழி பிடித்தார்கள்.

1960களின் கடைசிக்குள் இங்கத்திய ஹெரால்டு இங்கிலாந்து ஹெரால்டிலிருந்து பிரிய ஆரம்பித்துவிட்டது. அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் நான்கு கதவு, ஹெரால்டுக்கு இரண்டு. புடவை கட்டின பாட்டி முன்சீட்டை மடித்துப் பின்னால் நுழைவதாவது! அதனால் உலகத்தில் வேறு எங்கும் இல்லாத நான்கு கதவு ஹெரால்டை இங்கே செய்தார்கள். கம்பானியன் என்று ஒரு எஸ்டேட் காரும் செய்தார்கள். 1972-ல் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் முழுசாக மாற்றி, கதவுகளை மட்டும் வைத்துக்கொண்டு, புதுப் பெயரில் ஒரு கார் வந்தது. ஸ்டாண்டர்ட் கெஸல்.

கெஸலுக்கு அடியில் குனிந்து பார்த்தால் ஸ்விங் ஆக்ஸில் இல்லை. லைவ் ஆக்ஸில்.

அதாவது, உலகம் முழுக்க "தனித்தனி சஸ்பென்ஷன்தான் நவீனம்" என்று போய்க்கொண்டிருந்த நேரத்தில், ஏற்கனவே தனித்தனி சஸ்பென்ஷன் வைத்திருந்த ஒரு காரை எடுத்து, மாட்டுவண்டி அச்சு மாதிரி ஒரே அச்சாக மாற்றினார்கள். வழக்கமாகச் சொல்லப்படும் காரணம்: வாங்குபவர்களுக்கும் பிடிக்கவில்லை, மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை.

கார் ஆர்வலர்கள் பலர் இதைப் பின்னடைவு என்றுதான் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. காரணம் சொல்கிறேன்.

எந்த நெடுஞ்சாலை ஓரத்து ஊரிலும் ஒரு கமான் பட்டறை இருக்கும். உலை, சம்மட்டி, உடைந்த பட்டைகளின் குவியல். லாரி வந்து நின்றால் யூ போல்ட்டைக் கழற்றி, சென்டர் போல்ட்டைத் தட்டி, கட்டைப் பிரித்து, உடைந்த பட்டைக்கு வேறு வெட்டிப் போட்டு, வளைவு போனதைக் காய்ச்சித் தட்டி வளைத்து, சாயங்காலத்துக்குள் அனுப்பிவிடுவார்கள். இந்த வித்தை அளவுக் கணக்கில் இல்லை, கையில் இருக்கிறது. லைவ் ஆக்ஸிலுக்கு ஸ்பிரிங் பார்க்கத் தெரிந்தவர்கள் கன்னியாகுமரியில் இருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் இருந்தார்கள். குறுக்காக டிஃபரன்ஷியல் மேல் உட்கார்ந்த கட்டைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் எத்தனை ஊரில் இருந்திருப்பார்கள்? இரண்டு முனையும் சக்கரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை அமுக்கிப் பிடிக்கத் தனிக் கருவி வேணும். வண்டி தேனி பக்கத்தில் நின்றுபோனால் என்ன செய்வது?

தாம்பரம் பக்கம் பழைய வண்டிகள் பார்க்கும் ஒரு வயசான மெக்கானிக்கிடம் இதைக் கேட்டேன். அவர் ரொம்ப யோசிக்கவில்லை. "தம்பி, ஹெரால்டு மெத்துனு போகும். பட்டை உட்கார்ந்துச்சுன்னா ஓனரு அழுவாரு. அவ்ளோதான்." அவர் சொன்னதை என் பாஷையில் எழுதினால்: ஒரு அமைப்பு நன்றாக ஓடும்போது எப்படி இருக்கிறது என்பது ஒரு அளவு. அது பழுதானால் யாரால், எங்கே, எவ்வளவு நேரத்தில் சரி செய்ய முடியும் என்பது இன்னொரு அளவு. மென்பொருளில் இருப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. எழுதியவனுக்கு மட்டும் புரிகிற புத்திசாலித்தனமான கோடை ராத்திரி 2 மணிக்கு இன்னொருவன் திருத்த வேண்டி வரும்போது அந்தப் புத்திசாலித்தனத்தின் விலை தெரியும்.

இதற்கு ஆதாரமாக இன்னொரு விஷயம், அதுவும் இதே தொழிற்சாலையில் இருந்து. 1985-ல் (வண்டலூரில் உயிரியல் பூங்கா திறந்த அதே வருடம்) இவர்கள் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு ஆடம்பரக் காரை வெளியிட்டார்கள். அது இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1, 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று விருது வாங்கியது. அந்த விருது வாங்கிய காரின் பின்பக்கம் என்ன தெரியுமா? லைவ் ஆக்ஸில்! அதற்கு முந்தைய ரோவரில் டி டியோன் என்ற இன்னும் சிக்கலான அமைப்பு இருந்தது. அதைக் கைவிட்டு லைவ் ஆக்ஸிலுக்கு வந்தார்கள். ஆனால் சும்மா வரவில்லை. கமான் பட்டைக்குப் பதில் காயில் ஸ்பிரிங், அச்சு முறுக்காமல் பிடிக்க டார்க் டியூப், பக்கவாட்டில் நகராமல் பிடிக்க வாட்ஸ் லிங்க் (ஆமாம், நீராவி எஞ்சின் ஜேம்ஸ் வாட்டின் 1784 யோசனைதான்). லைவ் ஆக்ஸில் என்ற பெயரில் குற்றம் எதுவும் இல்லை. அதை எதனால், எப்படிப் பிடித்திருக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்படியானால் கெஸல் ஜெயித்ததா? இல்லை. இதுதான் இந்தக் கதையில் மனசுக்குக் கஷ்டமான இடம்.

பின்பக்கத்தைச் சரி செய்தார்கள். முன்பக்கம் பானெட்டுக்குக் கீழே இருந்தது அதே 948 சிசி எஞ்சின். இங்கிலாந்து ஹெரால்டு 1961-லேயே 1147-க்கும், 1967-ல் 1296-க்கும் போய், 1971-ல் ஓய்வே பெற்றுவிட்டது. இங்கே உடல் பெரிசானது, கதவு கூடியது, எஞ்சின் மட்டும் 1959-லேயே நின்றது. லைசென்ஸ் ராஜ்யத்தில் புது எஞ்சினுக்கு அச்சு இயந்திரங்கள் இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி வேணும், அனுமதி வேணும். பட்டையும் அச்சும் உள்ளூரிலேயே செய்துவிடலாம். அதனால் கையில் இருந்ததை மாற்றினார்கள், கையில் இல்லாததை விட்டுவிட்டார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். நடுவில் 1973-ல் பெட்ரோல் விலை ஏற்றம் வந்து கார் வாங்குபவர்களையே குறைத்தது. 1977-ல் கெஸல் நின்றது.

அதற்குப் பிறகு சில வருடங்கள் இந்தத் தொழிற்சாலையைப் பிழைக்க வைத்தது ஒரு சுமை வண்டி: ஸ்டாண்டர்ட் 20. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் அட்லஸ் என்ற பெயரில் பிறந்து, லேலண்ட் 20 என்று பெயர் மாறி, 1968-ல் அங்கே நின்றுபோனதும் அதன் அச்சுகள் சென்னைக்கு வந்தன. மூக்கு இல்லாத, முன்சீட்டுகளுக்கு நடுவே எஞ்சின் இருக்கும் ஒரு டன் வண்டி. வேன், பிக்கப், ஆம்புலன்ஸ் என்று பல உருவம். ஹெரால்டுக்குக் கொடுத்த அழகு எதுவும் இதற்குக் கிடையாது.

1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 வந்தபோதும் அதே கதை திரும்பியது. நம்ம ரோட்டுக்காக உயரத்தைக் கூட்டினார்கள், சஸ்பென்ஷனைத் திருத்தினார்கள். எஞ்சினோ 1948 வேன்கார்டின் வழியில் வந்த 1991 சிசி, 83 குதிரை சக்தி. இங்கிலாந்தில் 3500 சிசி வி8 ஓடிய உடலுக்கு இது. 1983 டிசம்பரிலேயே மாருதி 800 வந்தாகிவிட்டது. 1988-ல் ஸ்டாண்டர்ட் 2000 நின்றது. அதோடு வண்டலூரில் கார் செய்வதும் நின்றது. அங்கே பூட்டியவர்கள், தகடு அடித்தவர்கள், பெயின்ட் அடித்தவர்கள் எல்லாம் தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கங்களில் குடியிருந்தவர்கள். 1988-க்குப் பிறகு ஹூண்டாய் வர இன்னும் பத்து வருடம். நாற்பது வயதில் வேலை போனவருக்குப் பத்து வருடம் என்பது மொத்தத் தொழில் வாழ்க்கை.

இன்று இந்த ஏரியாவில் பழைய பிக்கப்பை வாங்கிப் பின்பக்கத்தை மாற்றுபவர்கள் இரண்டு ரகம். ஒரு ரகம் தண்ணி கேன், செங்கல், எம்-சாண்ட் ஏற்றுபவர்கள். கமான் கட்டில் ஒன்றிரண்டு பட்டை கூடுதலாகப் போடுவார்கள். ஏற்றினால் நன்றாக நிற்கும். காலியாக வந்தால் டிரைவர் தலை கூரையில் இடிக்கும். இரண்டாவது ரகம், யூடியூப் பார்த்து வண்டியைத் தாழ்த்துபவர்கள். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைப்பது, அல்லது பட்டைக்குக் கீழே இருக்கும் அச்சை மேலே கொண்டுவருவது. பார்க்கக் கெத்தாகத்தான் இருக்கும். ஆனால் அச்சு மேலே போக மீதி இருக்கும் இடம் சுருங்கிவிடும். முதல் ஸ்பீடு பிரேக்கரில் சேஸிஸில் டமால். உயரமான கட்டை வைத்தால் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது அச்சு பட்டையை முறுக்கும். தாழ்த்தினால் மட்டும் வேலை முடியாது. பட்டையின் பலம், ஷாக் அப்சார்பரின் நீளம், அச்சுக்கு மேலே சேஸிஸில் இடம், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம், நான்கையும் சேர்த்து மாற்றணும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மீதியை விடுவது கெஸலுக்கு 948 சிசி எஞ்சினை விட்டு வைத்தது மாதிரிதான்.

வண்டலூர்ப் பொறியாளர்களுக்கு யாரும் சிலை வைக்கப் போவதில்லை. அவர்கள் பெயர்கூட வெளியே தெரியாது. ஆனால் 1972-ல் யாரோ ஒரு சிலர் ஒரு டிராயிங் போர்டு முன்னால் நின்று, இங்கிலாந்துக்காரன் கொடுத்த வரைபடத்தைப் பார்த்து, "இது நம்ம ரோட்டுக்கு ஒத்து வராது" என்று சொல்லி, பேனாவை எடுத்து அடித்திருக்கிறார்கள். அதுவரை இங்கே பூட்டியவை பெரும்பாலும் மற்றவர் வரைந்தது. நான்கு கதவும் லைவ் ஆக்ஸிலும் இங்கே வரைந்தது. அந்த இடத்தில் இன்று உட்கார்ந்து கோடு எழுதுபவர்கள் மறுபடியும் பெரும்பாலும் மற்றவர் வரைந்ததைத்தான் பூட்டிக்கொண்டிருக்கிறோம் என்று நினைக்கும்போது கொஞ்சம் உறுத்துகிறது.

உங்க வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ கெஸல் வைத்திருந்தால், இல்லை ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸில் வேலை பார்த்திருந்தால், அவர்களிடம் இன்றைக்கே உட்கார்ந்து பேசுங்கள். 1972-ல் 25 வயது என்றால் இப்போது 80-ஐத் தொட்டாயிற்று.

பி.கு.: சஸ்பென்ஷன் மாற்ற பட்டறைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரிஜினல் அளவில் புதுப் பட்டை, நல்ல ஷாக் அப்சார்பர், புது புஷ் போடுவதில் சிக்கல் இல்லை. பழைய வண்டிக்குப் பாதி வியாதி அதிலேயே போய்விடும்.